திரிபுரசுந்தரியின் இடது தாடை

ராஜகீழ்ப்பாக்கம்
8 ஜூலை 2024

அபி,

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன், கூடவே வந்திருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து பார். உள்ளே மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடுகள் இரண்டு இருக்கின்றன. நம் சண்டைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டரை வருஷமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். மெயில் போட்டால் பதில் வருவதில்லை. அம்மாவிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், இரும்புலியூர் வீட்டுக்கு முதல் ஞாயிறு அண்ணன், மூன்றாம் ஞாயிறு தங்கை என்று நாம் பங்கு போட்டுக்கொண்டதிலேயே அம்மா நொந்துபோனது போதும். அதனால்தான் கடிதம். கிளினிக்குகளில் ஸாம்பிள் வாங்கிப் போகும் சிட்டிபாபு உன் கல்லூரி லேபுக்கும் வருகிறாராம். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். திரிபுரசுந்தரி, வயது முப்பத்தாறு. சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். பெண்கள் கோகோ அணிக்கு அவர்தான் பயிற்சி கொடுக்கிறார். போன அக்டோபரில் என்னிடம் வந்தார். கீழ்த்தாடையில் இடது பக்கம் இரண்டு பற்கள் ஆடின, ஈறு வீங்கியிருந்தது. ஈறு நோய் என்று வைத்தியம் பார்த்தேன். ஆட்டம் நிற்கவில்லை. ஜூன் கடைசியில் சந்தேகம் வந்து, ஒரு துண்டு எடுத்து நகரத்தில் ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினேன். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது.

ஜூலை 24 அன்று ஆபரேஷன். தாடையில் இடது பாதியை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு வெட்டி அங்கே பொருத்தப்போகிறார்கள். சர்ஜன் டாக்டர் சுப்பராயலு நல்ல கைக்காரர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. அந்த அம்மாவுக்குப் புகையிலை, பாக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. ஒன்பது மாதமாக என் நாற்காலியில் வந்து உட்காருகிறார். புற்றுநோய் ஒன்பது மாதம் இத்தனை மரியாதையாக நடந்துகொள்ளுமா?

பார்த்துச் சொல். இது உன் வேலை. என்னால் முடியாத வேலை என்று எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பது உனக்கே தெரியும்.

மெர்வின்

•

பொத்தேரி
9 ஜூலை 2024

மதிப்பிற்குரிய டாக்டர் மெர்வின் லாசரஸ் அவர்களுக்கு,

இரண்டு ஸ்லைடுகளும் கிடைத்தன. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல இயலாது. சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி வேண்டும். நோயாளி எழுதிக் கேட்டால் அந்த லேப் கொடுத்துவிடும். அதிலிருந்து நானே புதிதாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயும் அனுப்புங்கள்.

நோயின் முழு விவரமும் தேவை. அக்டோபருக்கும் ஜூனுக்கும் நடுவில் எட்டு மாதங்கள் இருக்கின்றன. உங்கள் கடிதம் அவற்றை 'வைத்தியம் பார்த்தேன்' என்று தாண்டிப் போகிறது. ஈறைத் திறந்தீர்களா? திறந்திருந்தால், உள்ளிருந்து சுரண்டி எடுத்த சதை எங்கே?

இப்படிக்கு,
டாக்டர் அபிகாயில்
வாய் நோய்க்கூறு இயல் துறை

சண்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். சம்பந்தம் இருக்கிறது. உன் கிளினிக்கின் மாடித் திறப்பு விழா அன்று, நீ எடுத்த கட்டியின் தோலை உன் நர்ஸ் மஞ்சள் குப்பைப் பையில் போட்டதைப் பார்த்தேன். 'அதை ஏன் போடறீங்க, எனக்கு அனுப்புங்க' என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை: 'நான் மனுஷங்களைப் பார்க்கிறவன் அபி. நீ கண்ணாடித் துண்டைப் பார்க்கிறவ. என் கிளினிக்ல வந்து பாடம் எடுக்காத.'

மெழுகுக் கட்டியை அனுப்பு.

•

ராஜகீழ்ப்பாக்கம்
11 ஜூலை 2024

அபி,

மெழுகுக் கட்டியும் எக்ஸ்ரேயும் இதோடு வருகின்றன. திரிபுரசுந்தரி நேற்று காலையே லேபுக்குப் போய் உட்கார்ந்து வாங்கி வந்துவிட்டார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். ஜனவரி 17 அன்று ஈறைத் திறந்தேன். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் வெளுத்த, கெட்டியான சதை இருந்தது. ஈறு நோயில் இருக்கும் சதை சிவந்து, கொழகொழவென்று இருக்கும். இது அப்படி இல்லை என்று என் விரலுக்குத் தெரிந்தது. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். சுரண்டி எடுத்தேன், தையல் போட்டேன். சதை மஞ்சள் பைக்குப் போனது.

எழுதிவிட்டேன். இனி நீ என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

இன்னொரு டாக்டரிடம் காட்டுகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது நடந்த பேச்சையும் எழுதிவிடுகிறேன்.

'சார், நேராவே சொல்லுங்க. தாடையை எடுத்துட்டா விசில் ஊத முடியுமா?'

'கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும் மேடம்.'

'கால்ல எலும்பு எடுக்கறாங்களாமே. ஓட முடியுமா?'

'நடக்கலாம். ஓடறதுக்கு நாளாகும்.'

'வாயும் காலும்தான் சார் என் வேலையே' என்றார். அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் ஸ்ரீரங்கன்தான் எழுந்து வெளியே போனார். பிறகு அந்த அம்மா கேட்டார்: 'யாரு சார் அந்த இன்னொரு டாக்டர்?'

'என் தங்கச்சி. நான் எடுக்கிற சதையைப் பார்த்து அது என்னன்னு சொல்றவ.'

'அப்ப உங்களுக்கு மேல' என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை.

சிட்டிபாபு என்மேல் கோபமாக இருக்கிறார். 'இன்னா சார், ரெண்டு பேரும் படிச்சவங்க, போன்ல பேசாம என்னைப் போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்க. அந்தம்மா லெட்டரைப் படிச்சிகினே நின்னாங்க, உக்காரக்கூட இல்ல' என்கிறார். நின்றுகொண்டே படித்தாயா?

மெர்வின்

•

பொத்தேரி
14 ஜூலை 2024

அண்ணா,

உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு இப்போது நேரமில்லை.

மெழுகுக் கட்டியிலிருந்து நாற்பது சீவல்கள் எடுத்தேன். எங்கள் டெக்னீஷியன் ரத்தினபாய் சனிக்கிழமை முழுக்க என்னோடு இருந்தார். ஒரு சீவல் என்பது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தண்ணீரில் மிதக்க விட்டு, மடிப்பு விழாமல் கண்ணாடியில் ஏந்த வேண்டும். ரத்தினபாய் கையில் ஒன்றுகூட மடியவில்லை.

முதல் இரண்டு ஸ்லைடுகளைப் பார்த்தபோது எனக்கும் புற்றுநோய் என்றே தோன்றியது. அந்த லேபை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கிடைத்த துண்டு சின்னது, அதுவும் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. ஆனால் உள்ளே போகப் போகப் படம் மாறியது. சதைக்குள் தீவு தீவாகச் செல்கள். ஒவ்வொரு தீவுக்கும் கரை வழவழப்பாக, உருண்டையாக இருக்கிறது. கரையோரச் செல்கள் தட்டையாக, அடங்கிப் படுத்திருக்கின்றன. புற்றுநோய்ச் செல்கள் கரையை உடைத்துக்கொண்டு ஓடும், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. இங்கே ஒரு செல்கூட வரம்பு மீறவில்லை.

பிறகு உன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு வேர்களுக்கும் நடுவில் ஒரு முக்கோண நிழல். கூர்முனை ஈறு பக்கம், அகலம் கீழே. அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பல்லின் வேர் உருவாகும்போது சில செல்கள் மிச்சமாகி, பல்லை எலும்போடு பிடித்திருக்கும் நாருக்குள்ளேயே தங்கிவிடும் என்று நாம் இருவரும் படித்திருக்கிறோம். எல்லோர் வாயிலும் அவை ஆயுள் முழுக்கத் தூங்கும். எங்கோ ஒருவருக்கு விழித்துக்கொண்டு பெருகும். பல் ஆடும், எலும்பு கரையும், பார்ப்பவருக்கு ஈறு நோய் போலவே இருக்கும். ஸ்லைடில் பார்ப்பவருக்குப் புற்றுநோய் போல இருக்கும். இதன் பெயர் ஸ்குவாமஸ் ஓடோன்டோஜெனிக் ட்யூமர். சாதுவான கட்டி. உலகம் முழுக்கச் சேர்த்தாலும் பதிவானவை கொஞ்சம்தான். அந்த இரண்டு பற்களோடு கட்டியைச் சுரண்டி எடுத்தால் போதும். தாடையைத் தொட வேண்டியதில்லை.

எங்கள் துறைத் தலைவி ஞானஜோதி மேடமும் தனியாக உட்கார்ந்து பார்த்தார்கள். 'நீ சொல்றது சரின்னுதான் எனக்கும் படுது. ஆனா பெரிய லேபை எதிர்த்து எழுதறே. கையெழுத்து உன்னோடது' என்றார்கள்.

போட்டுவிட்டேன். ரிப்போர்ட் இதனுடன் இருக்கிறது.

நின்றுகொண்டுதான் படித்தேன்.

அபி

•

ராஜகீழ்ப்பாக்கம்
16 ஜூலை 2024

அபி,

உன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேற்று டாக்டர் சுப்பராயலுவைப் பார்த்தேன். இரண்டு முறை படித்தார். 'ஒரு டென்டல் காலேஜ்ல இருந்து வந்த பேப்பருக்காக நான் கேன்சர் ஆபரேஷனைத் தள்ளிப் போட முடியாது டாக்டர்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது வேளச்சேரி சாலை முழுக்க ஒரே கேள்வி. இதை உன்னிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ தவறாக இருந்தால்? நான் அந்த அம்மாவுக்கு ஆசை காட்டிவிட்டு, நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டால்? தினமும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியவன் நான். உனக்கு அவர் ஒரு நம்பர். எச் 1184. ரிப்போர்ட்டின் தலைப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறாய், பெயர் இரண்டாவது வரியில்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் ஆஸ்பத்திரியில் கூட்டம். புற்றுநோய் நோயாளிகளைப் பற்றி எல்லா டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். உனக்குப் பதினைந்து நிமிஷம் தருவதாகச் சுப்பராயலு ஒப்புக்கொண்டிருக்கிறார். நீயே வந்து ஸ்லைடைக் காட்ட வேண்டும். நான் காட்டினால் எடுபடாது.

வருவாயா?

மெர்வின்

•

பொத்தேரி
17 ஜூலை 2024

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

எச் 1184 என்று நான் எழுதுவது, அந்த ஸ்லைடு இன்னொருவருடைய ஸ்லைடோடு மாறிவிடக் கூடாது என்பதற்காக. அந்த எண்ணை மெழுகுக் கட்டியிலும், நாற்பது கண்ணாடிகளிலும், ரிஜிஸ்டரிலும் என் கையால் எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். நீ முகத்தைப் பார்த்துச் செய்வதை நான் எண்ணைப் பார்த்துச் செய்கிறேன். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் தாடைக்குள் இருப்பதை உலகத்தில் என்னை விட அதிக நேரம் பார்த்தவர் யாரும் இல்லை.

நீ தவறாக இருந்தால் என்று கேட்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் முழுக்க அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்து நேராக லேபுக்குப் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

வகுப்பில் எழுபது பேருக்கு முன் பேசுகிறேன். சர்ஜன்களுக்கு முன் நின்றதில்லை. நாங்கள் பேப்பரில் பேசுகிறவர்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்து 'உறுதியா?' என்று கேட்டால் என் குரல் நடுங்கும், எனக்கே தெரியும். நடுங்கட்டும்.

வருகிறேன். நீ வர வேண்டாம். நீ இருந்தால் நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அபி

•

ராஜகீழ்ப்பாக்கம்
20 ஜூலை 2024

அபி,

வர வேண்டாம் என்றாய். வந்தேன். கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது, ஆரம்பத்தில் உன் குரல் நிஜமாகவே நடுங்கியது. பென்டிரைவ் திறக்கவில்லை. யாரோ கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் முதல் படம் திரையில் வந்தது. அதோடு நீ மாறிப்போனாய். அந்தத் தீவுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனபோது, இருபது டாக்டர்கள் இருந்த அறையில் ஏ.சி. சத்தம் மட்டும்தான் கேட்டது.

சுப்பராயலு கேட்டாரே: 'மேடம், நான் தப்பா இருந்தா அந்தம்மாவுக்குத் தாடை போகும். நீங்க தப்பா இருந்தா உயிரே போகும். நான் எதைத் தேர்ந்தெடுக்கணும்?'

என்னால் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது.

நீ சொன்னாய்: 'அதனாலதான் சார், என்னை நம்புங்கன்னு நான் கேட்கலை. ஆழத்துல இருந்து இன்னொரு துண்டு எடுங்க. நீங்களே எடுங்க. ரெண்டு லேபும் தனித்தனியா பார்க்கட்டும். ஒரு வாரம் கொடுங்க. நான் சொல்ற மாதிரி இல்லைன்னா, நானே வந்து முதல் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறேன்.'

அப்போது அந்தப் பெரிய லேபின் டாக்டர் கிறிஸ்டினா எழுந்தார். அவர் சண்டைக்கு நிற்பார் என்று நினைத்தேன். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, 'இந்தப் பகுதி என் ஸ்லைடுல வரவே இல்லை. நான் இன்னும் உள்ளே வெட்டிப் பார்த்திருக்கணும். ஒரு வாரம் தரலாம் சார்' என்றார். அவருக்கும் ஒரு வணக்கம்.

ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். திங்கள்கிழமை புதிதாகத் துண்டு எடுக்கிறார்கள்.

உன்னைப் பிடிக்க ஓடி வந்தேன். படிக்கட்டு இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். பக்கத்தில் நின்ற ஒரு டாக்டர் யாரிடமோ கேட்டார், 'யாருங்க அந்தப் பொண்ணு? நல்லா தயார் பண்ணிக்கிட்டு வந்திருக்காங்களே' என்று. 'என் தங்கச்சி' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மெர்வின்

•

பொத்தேரி
1 ஆகஸ்ட் 2024

அண்ணா,

ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டர் கிறிஸ்டினா நேற்று மாலை போன் செய்தார். நான் எழுதியதை அவர் பார்க்கவில்லை, அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை. இருவரும் ஒரே பெயரைத்தான் எழுதியிருக்கிறோம். புற்றுநோய் இல்லை.

ரத்தினபாயிடம் சொன்னேன். நேராகப் போய், கேன்டீனில் இருந்து எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். ஞானஜோதி மேடம் என் ரிப்போர்ட்டின் நகலைத் துறை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்கள். நோயாளியின் பெயரை மறைத்துத்தான்.

அன்று நான் ஏன் ஓடிப்போனேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடைசி வரிசையில் உன்னைப் பார்த்துவிட்டேன், பேசி முடித்த பிறகுதான். பார்த்ததும் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டு இறங்கிவிட்டேன். மின்சார ரயிலில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். தாம்பரம் வரை நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் பெருங்களத்தூர் வரும் வரை அழுதேன். எதிரில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். 'நல்ல விஷயம்மா' என்று சொன்னேன். நம்பாமல் பார்த்தாள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கொஞ்ச நாள் எழுதவே செய்யலாம். போனில் இரண்டு பேரும் கத்துவோம். பேப்பரில்தான் நீ என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விடுகிறாய்.

அபி

•

ராஜகீழ்ப்பாக்கம்
17 ஆகஸ்ட் 2024

அபி,

நேற்று ஆபரேஷன். சுப்பராயலு என்னையும் உள்ளே வரச் சொன்னார். இரண்டு பற்கள், அவற்றின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வெளுப்பு, கெட்டி. ஜனவரியில் என் விரலுக்குத் தெரிந்த அதே சதை. சுரண்டி எடுத்துச் சுற்றிலும் எலும்பைச் சுத்தம் செய்தார். தாடையின் கீழ்விளிம்பு முழுசாக இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. காலைத் தொடவே இல்லை.

கையுறையைக் கழற்றிக்கொண்டே சுப்பராயலு சொன்னார்: 'எட்டு மணி நேரம் நின்னிருக்க வேண்டிய ஆபரேஷன் டாக்டர் இது. உங்க தங்கச்சி எனக்கு மதிய சாப்பாடு வாங்கித் தந்துட்டாங்க.'

சதை முழுவதும் கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்டு சிட்டிபாபு கையில் வருகிறது. ஒரு துணுக்குகூட என்னிடம் இல்லை.

மெர்வின்

•

பொத்தேரி
19 ஜனவரி 2025

அண்ணா,

வெள்ளிக்கிழமை திரிபுரசுந்தரி என்னைத் தேடி வந்தார். பள்ளி மைதானத்திலிருந்து நேராக வந்திருக்கிறார், ஷூவெல்லாம் செம்மண். புது எக்ஸ்ரேயை மேஜைமேல் வைத்தார். முக்கோண நிழல் இருந்த இடத்தில் எலும்பு வளர ஆரம்பித்திருக்கிறது. அவருடைய பெண்கள் மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போகிறார்களாம்.

'நான் அதைப் பார்க்கலாமா டாக்டர்?' என்று கேட்டார்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். 'ரோஸும் ஊதாவுமா, புடவை பார்டர் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?' என்றார். பிறகு கண்ணை எடுக்காமலேயே கேட்டார்: 'சார் போன ஜனவரியில ஈறைத் திறந்தப்பவே எடுத்தாரே. அதையும் நீங்க பார்த்தீங்களா?'

நீ என் அண்ணன். அவர் உன் நோயாளி. 'அது எங்களுக்கு வரலைங்க' என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'தெரியும் டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தின நாளே சார் வந்து சொல்லிட்டார். அன்னிக்கே அனுப்பியிருந்தா உங்களுக்கு இந்த ஆறு மாசம் மிச்சமாகியிருக்கும், என் தப்புதான்னு சொன்னார். நீங்க மறைக்கறீங்களான்னு பார்க்கத்தான் கேட்டேன்.'

நீ இதை எனக்கு எழுதவே இல்லை. அவர் போன பிறகு நான் வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். இந்த நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி இருக்கிறேன். பத்திரிகைக்கு அனுப்ப அவரும் சம்மதம் தந்துவிட்டார். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது உன்னுடையது, பிறகு கிறிஸ்டினா, சுப்பராயலு. அதில் ஒரு வாக்கியம் வருகிறது: 'ஜனவரியில் அகற்றப்பட்ட திசு பரிசோதனைக்கு அனுப்பப்படவில்லை.' அது இல்லாமல் கட்டுரை முழுமையாகாது. அதைப் படிக்கும் எல்லோரும் அனுப்பாதவர் யார் என்று ஊகித்துவிடுவார்கள். வாக்கியத்தை என்னால் எடுக்க முடியாது அண்ணா. உனக்கு வேண்டாமென்றால் உன் பெயரை எடுத்துவிடலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

யோசித்து எழுது.

அபி

•

ராஜகீழ்ப்பாக்கம்
21 ஜனவரி 2025

அபி,

யோசித்தேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை.

'அனுப்பப்படவில்லை' என்று எழுதியிருக்கிறாய். யார் அனுப்பவில்லை? காற்றா? எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு வாக்கியம் கட்டிக் கொடுத்திருக்கிறாய். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். இப்படி மாற்று: 'ஜனவரியில் இரண்டாம் ஆசிரியர் அகற்றிய திசுவை அவர் பரிசோதனைக்கு அனுப்பவில்லை.' என் பெயர் இரண்டாவதாகவே இருக்கட்டும்.

உன் கடிதம் வந்த அன்று இரவு கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். பதினான்கு வருஷமாகக் கட்டிய பெயர். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் யாரைக் கேட்டாலும் என் கிளினிக்குக்கு வழி சொல்வார்கள். ஆனால் அந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்து சொன்னதை விட இது கஷ்டம் இல்லை. அன்று அவர் என்ன செய்தார் தெரியுமா? 'சரி சார், நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?' என்று கேட்டார்.

இன்னொன்று. பிப்ரவரி 23 அன்று இந்தப் பக்கத்துப் பல் டாக்டர்கள் சங்கக் கூட்டம். புது இம்ப்ளான்ட் மெஷினைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டேன்: 'நான் தூக்கி எறிந்த ஒரு துண்டு சதை.' செயலாளர் போன் செய்து, 'சார், டைப்பிங் மிஸ்டேக் ஏதாவது...' என்று இழுத்தார். இல்லை என்றேன்.

உன் படங்கள் நான்கு வேண்டும். தீவுகள் நன்றாகத் தெரிகிற மாதிரி அனுப்பு. நீ அன்று பேசியதில் பாதி நன்றாகப் பேசினாலே எனக்குப் போதும்.

அண்ணன்

•

பொத்தேரி
5 மார்ச் 2025

அண்ணா,

நீ என்னதான் பேசினாய்?

சிட்டிபாபு போன வாரம் வந்து, தோள்பையை மேஜைமேல் கவிழ்க்கிற மாதிரி வைத்தார். 'எம்மா, உங்க அண்ணன் மீட்டிங்ல இன்னாவோ பேசிட்டாரு. எல்லா டாக்டரும் என்னைக் கூப்டு கூப்டு பாட்டில் தர்றாங்க. பேஜாரா கீது' என்றார். மொத்தம் பதினொன்று, ஒவ்வொன்றிலும் ஒரு சதைத் துண்டு. மேடவாக்கம், கூடுவாஞ்சேரி, பம்மல், நான் பெயரே கேட்டிராத கிளினிக்குகள் எல்லாம். ஒருவர் ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் ஃபார்மலின் ஊற்றி அனுப்பியிருக்கிறார். இதற்கு முன் மாதத்துக்கு இரண்டு வந்தாலே அதிகம்.

ரத்தினபாயும் நானும் நான்கு நாளாக நிமிரவில்லை. ஞானஜோதி மேடம் கல்லூரியில் இன்னொரு டெக்னீஷியன் கேட்டு எழுதப்போகிறார்கள்.

பத்து பாட்டில்களில் பயப்பட ஒன்றுமில்லை. சாதாரண ஈறு வீக்கம், வேர் நுனியில் நீர்க்கட்டி, இப்படி. ஒன்பதாவதாகத் திறந்தது பீர்க்கன்காரணையிலிருந்து ஒரு இளம் டாக்டர் அனுப்பியது. ஆட்டோ ஓட்டுநர், நாற்பத்தொரு வயது, ஆறாத ஈறுப் புண். இங்கே கரைகள் உடைந்திருந்தன. நிஜமான புற்றுநோய். ஆனால் ஆழம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. புண்ணைச் சுற்றிக் கொஞ்சம் வெட்டினால் போதும் என்கிறார் சுப்பராயலு. ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

ரிப்போர்ட்டைச் சொல்ல அந்த இளம் டாக்டருக்குப் போன் செய்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: 'மேடம், நான் அதைத் தூக்கிப் போட்டிருப்பேன். நிஜமாவே போட்டிருப்பேன். சங்கக் கூட்டத்துல மெர்வின்னு ஒரு சார் பேசினார். அவ்வளவு பேர் முன்னாடி, தன் தப்பை... நீங்க அவரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா மேடம்?'

'அவர் என் அண்ணன்' என்றேன்.

அபி